குங்குமம் வைத்த கத்தரிக்காய்

போன வாரம் என் மண்டையில் ஒரு முள்ளங்கி விழுந்தது. வலித்ததா? வலித்தது. ஆனால் சிரிப்புதான் வந்தது!

மேல்மலையனூர் மயானக் கொள்ளைத் திருவிழாவில் காய்கறிகளைக் கூட்டத்தின் மேல் வீசிச் சூறை விடுவார்கள். தோட்டத்தின் முதல் காயைக் குங்குமம் வைத்து அங்காளம்மனுக்குக் கொடுத்தால் விளைச்சல் பெருகும் என்பது எங்கள் செஞ்சிப் பக்கத்து நம்பிக்கை. கூட்டத்தில் யார் கையில் அகப்படுகிறதோ, அவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

எல்லாம் சரி. 'காலி இடத்திலெல்லாம் காய்கறி போடுங்கள்' என்று சர்க்கார் சொன்னதைக் கேட்டு, கடைவீதிக்குப் பின்னால் நாங்கள் பத்துப் பேர் சம்பளமில்லாமல் மண்வெட்டி பிடிக்கிறோமே, அந்தப் பொதுத் தோட்டத்தில் முதல் காய் யாருடையது?

'நான் தண்ணீர் ஊற்றிய செடி, அதனால் என்னுடையது!' — இப்படி ஒவ்வொருவரும் தனித்தனியாக, ரகசியமாக முடிவு செய்து, ஒரு காயைப் பறித்துச் சூறைக்குக் கொடுத்தோம். ஒரு காய்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? மாசிப் பனி விலகி, செடிகள் இப்போதுதான் பூவும் பிஞ்சுமாகக் குலுங்குகின்றன. முற்றிய காய் என்று இருந்ததே கொஞ்சம்தான்.

சூறைக்கு மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால்... ஒரு காய்கூட இல்லை!

அன்றைக்கென்று தாலுகா ஆபீசர் வருகிறார். காய்ப்பு இருந்தால் இடம் எங்களுக்கு. இல்லாவிட்டால் அது மாட்டுவண்டி நிறுத்துமிடம்.

ஜவுளிக்கடைக்காரரின் மனைவி ரங்கநாயகி அம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"இந்தத் தோட்டம் போட்டப்புறம்தான் நான் வாசலத் தாண்டி வெளிய வரேன். இதுவும் போச்சுன்னா மறுபடி கடைக்குப் பின்னால இருக்குற ரூம்தான் எனக்கு" என்றார்.

அவரே சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து சூறையில யாராருக்கு இன்னா கெடச்சுது? எல்லாத்தையும் எடுத்துக்கினு வாங்க!"

ஓடினோம்! ஜவுளிக்கடையிலிருந்து நூல்கண்டு வந்தது. கட்டு, கட்டு... கத்தரிச் செடியில் கத்தரிக்காய், கொடியில் பூசணி. மண்டையில் விழுந்த முள்ளங்கியை என்ன செய்வது? நட்டுவிட்டேன்.

ஆபீசர் வந்தார். குனிந்து ஒரு கத்தரிக்காயைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாய்யா இது... உங்க தோட்டத்துல கத்தரிக்கா குங்குமம் வெச்சுக்கினே காய்க்குதா?"

ஜவுளிக்கடைக்காரர் வானத்தைப் பார்த்தார். நான் முள்ளங்கியைப் பார்த்தேன். ஆண்பிள்ளைகள் எதிரில் அதிகம் பேசாத ரங்கநாயகி அம்மாள்தான் முன்னால் வந்தார்.

"நான்தான் சார் கட்டச் சொன்னேன். மொதக் காய அங்காளம்மாவுக்குக் குடுத்துட்டோம். காய் போனா மறுபடி காய்க்கும் சார்... எடம் போனா காய்க்குமா?"

ஆபீசர் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், நிறுத்தவே முடியவில்லை! சிரித்துக்கொண்டே தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"பூ இருக்குது, பிஞ்சு இருக்குது. போதும்மா. எடம் உங்களுக்குத்தான்."

ரங்கநாயகி அம்மாள் மண்வெட்டியும் கையுமாக ஒரு குதி குதித்தார். கணவர் வாய் பிளந்து நின்றார். எனக்கா? அந்த ஆபீசரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அடுத்த மாசிக்கு அவர் பேரிலும் ஒரு காய் சூறைக்குப் போகவேண்டுமாம்!

சர்க்கார் ஆபீசர் என்றால் அம்மனிடம் பயம் இருக்காதா என்ன?