பட்டு விரித்த கை

எங்கள் ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவு மாடியில் இருக்கிறது. நான் இப்போது கீழே, மேட்சிங் ஜாக்கெட் துணி வெட்டிக் கொடுக்கிற இடத்தில் இருக்கிறேன். மத்தியானம் கூட்டம் வடிந்த பிறகு மாடியில் யாராவது ஒரு பட்டை விரித்தால் எனக்குக் கீழே கேட்கும். பக்கத்தில் நிற்கிற பிள்ளைகள் தங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்கிறார்கள். எனக்குக் கேட்கும். முதலில் சடசடவென்று, அப்புறம் இழுத்தாற்போல, சேலையின் முந்தி விழுகிற இடத்தில் சத்தமே இல்லாமல். கேட்டதும் என் வலது கை தானாகக் கொஞ்சம் மேலே வரும். கத்தரிக்கோலை வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொள்வேன்.

ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தாவணி போட்ட வயதில் டவுன் ரதவீதியில் இருக்கும் இந்தக் கடையில் சேர்ந்தேன். எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கியாஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடுவேன். போன் மணி அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் எடுப்பேன். பட்டுப் பிரிவின் வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து ஒரு சேலையைக் கையில் எடுத்தால் மட்டும் அந்தப் பயம் எங்கேயோ போய்விடும். மடிப்பை இடது கையில் பிடித்து, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், தோளிலிருந்து ஒரு வீச்சு. மொத்தச் சேலையும் காற்றில் ஒருமுறை வளைந்து, முந்தி மட்டும் எதிரே இருப்பவர் மடியில் போய் விழ வேண்டும். விழும். பிறகு எழுந்து நின்று அதே முந்தியை என் தோளில் போட்டுக் காட்டுவேன்.

"இந்தப் பிள்ள மேல போட்டா எல்லாச் சேலையும் நல்லாத்தான் இருக்கும். நம்ம பொண்ணு கெட்டுனாத்தான தெரியும்" என்று கல்யாண வீட்டார் சிரிப்பார்கள். களக்காட்டிலிருந்தும் கூடங்குளத்திலிருந்தும் வேன் பிடித்து வருகிறவர்கள், அந்தப் பிள்ளை இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டுதான் மாடி ஏறுவார்கள். என்னிடம் இருந்ததில் ஊரார் தேடி வந்த ஒரே பொருள் அந்தக் கைதான்.

ஓர் ஆவணி முகூர்த்த நேரம். மேல்தட்டில் இருந்த ஒரு சேலைக்கட்டை எடுக்க முக்காலியில் ஏறினேன். கட்டு சரிந்தது, முக்காலி நகர்ந்தது. விழுந்துவிடுவோமே என்று வலது கையால் தட்டின் விளிம்பைப் பிடித்துத் தொங்கிவிட்டேன். என் பாரமும் கட்டின் பாரமும் அந்த ஒரு கையில். முதுகுப் பக்கம் பர்ரென்று ஒரு சத்தம்.

ஜவுளிக்கடையில் இருக்கிறவளுக்கு அந்தச் சத்தம் கேட்டால் வேறு என்ன தோன்றும்? இறங்கிய வேகத்தில் இடது கையைப் பின்னால் விட்டு ஜாக்கெட்டைத் தடவினேன். பட்டுப் பிரிவில் என்னோடு இருந்த அக்காவைக் கூப்பிட்டேன்.

"யக்கா, ஜாக்கெட் கிழிஞ்சிட்டு. கொஞ்சம் மறச்சிக்கிட்டு நில்லேன்."

அவள் என்னைச் சுற்றி வந்து பார்த்தாள். "எங்கனட்டி கிழிஞ்சிருக்கு? ஒரு தையல்கூட விடல. பயந்தாங்கொள்ளி, சும்மா இருட்டி."

ஜாக்கெட் முழுசாக இருந்தது. அந்த நிம்மதியில் அடுத்த சேலையை எடுக்கப் போனேன். கை தோளுக்கு மேலே வரவில்லை.

எங்கள் தெருவில் சுளுக்கென்றால் இரட்டைப் பிள்ளை பெற்றவளிடம்தான் போவோம். அவள் காலால் மிதித்தால் சுளுக்கு இறங்கிவிடும் என்பார்கள். நாலு வீடு தள்ளி அப்படி ஒரு சித்தி இருக்கிறாள். வாசலில் என்னைக் குப்புறப் படுக்கச் சொன்னாள்.

"இங்கனயா, அங்கனயா?"

"இன்னும் மேல சித்தி. பைய, பைய."

"பைய மிதிச்சா சுளுக்கு எப்பிடிட்டி போவும்? மூச்சப் பிடிச்சிக்கோ."

மூன்று முறை மிதித்தாள். கடைசி மிதியில் எனக்குக் கண் இருட்டியது. உள்ளே கிழிந்து கிடந்த இடத்தின் மேல் நாங்களே ஓர் ஆளை ஏற்றிவிட்டிருக்கிறோம் என்று அப்போது யாருக்குத் தெரியும்? சித்தி நல்லவள். இப்போதும் வழியில் பார்த்தால், "அன்னைக்கி நான் மிதிச்சிருக்கப்பிடாதோட்டி?" என்று கேட்பாள். "நான்தான சித்தி வந்து படுத்தேன்" என்பேன்.

அதற்குப் பிறகு டாக்டர்கள். முதல் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். அடுத்தவர் கழுத்துத் தேய்மானம் என்று கழுத்தில் ஒரு பட்டை மாட்டிவிட்டார். அதை மாட்டிக்கொண்டு பஸ்ஸில் போனால் எல்லோரும் எழுந்து இடம் தந்தார்கள். அது ஒன்றுதான் அதனால் கிடைத்த பலன். இன்னொருவர் வாயுப் பிடிப்பு என்றார். கடைசியில் ஒருவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, "மனசுல ஏதும் கவலை இருக்காம்மா?" என்று பரிவாகக் கேட்டார்.

நான் பொய் சொல்லத் தெரியாமல், "நெறய இருக்கு சார்" என்று சொல்லிவிட்டேன். தூக்க மாத்திரை எழுதினார். நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்தால் வலி எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் டவுன் பஸ் ஓட்டுகிறார். முதுகில் ஏதாவது கட்டியாக இருக்குமோ என்று நான் அழுதபோது சிரித்துவிட்டார். "ஏட்டி, போன மாசம் இருமலுக்கு டி.பி.ன்ன. அதுக்கு முந்தி தலவலிக்கு மூளைல கட்டின்ன. இப்பம் முதுகா?" அவர் சொன்னதில் தப்பில்லை. பயந்தவளுக்கு வருகிற வலியை யாரும் நம்புவதில்லை. சில நாள் எனக்கே நம்பிக்கை போய்விடும். வலிக்கவில்லை, நினைப்புதான் என்று சொல்லிக்கொண்டு சாமி படத்து விளக்கை ஏற்றக் கையைத் தூக்குவேன். தீப்பெட்டி கீழே விழும்.

கடையில் மேற்பார்வை பார்க்கிற அண்ணாச்சி என்னைக் கீழே மாற்றினார். "கை சரியானதும் மேல வந்துரு. ஒன் எடம் எங்க போயிரப்போவுது?" என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அடுத்த வாரமே அங்கே ஒரு புதுப் பிள்ளை உட்கார்ந்திருந்தது. அது விரித்தால் சேலை பொத்தென்று விழும். எனக்கு அதில் ஒரு சந்தோஷம் இருந்தது. பிறகு அது கற்றுக்கொண்டுவிட்டது.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் இப்படியே போனது. ஆடியில் ஆற்றில் தண்ணீர் நிறைந்து வந்தபோது, லீவு நாளில் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போனேன். பாவாடையை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டி, இடது கையால் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன். மேல்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு முன்பின் தெரியாத பெரியம்மா சோப்பைக் கீழே வைத்தாள்.

"ஏளா, ஒனக்கு முதுகுல என்னது அது? சோத்துத் தட்ட நட்டுவச்ச மாதிரில்லா நிக்கி."

"எங்கன பெரியம்ம?"

இறங்கி வந்து ஈரக்கையை என் முதுகில் வைத்தாள். "விரலு உள்ள போவுதே தாயி! இதோடயா நீ நடமாடுத?"

எனக்குத் தண்ணீர் ஜில்லென்று ஆகிவிட்டது. கடையில் சேலைக்கு மேல் ஓவர்கோட் போட்டிருப்போம். வீட்டில் நைட்டி. டாக்டர்கள் எல்லோரும் என்னை எதிரே உட்கார வைத்துப் படத்தைத்தான் பார்த்தார்கள். என் முதுகை அதுவரை யாருமே பார்க்கவில்லை, நான் உட்பட.

வீட்டுக்கு ஓடிவந்து வீட்டுக்காரரைப் போனில் படம் பிடிக்கச் சொன்னேன். பிடித்தவர் போனை என்னிடம் தரவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். வலது பக்கத் தோள்பட்டை எலும்பு முதுகைவிட்டு விலகி, தோலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் டிப்போவுக்குப் போன் போட்டார். "நாளைக்கி வண்டிக்கி வேற ஆளப் போடுங்க" என்றார். அன்றிலிருந்து என் தலையை அவர்தான் பின்னிவிட்டார், கோணலாக.

பெரியாஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. படத்தைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்து வந்தாள். "சுவத்துல ரெண்டு கையையும் வச்சுத் தள்ளுங்கம்மா" என்றாள். தள்ளினேன். பின்னால் அவள் யாரையோ கூப்பிட்டாள். "சார், கொஞ்சம் வந்து பாருங்களேன்." காலடிச் சத்தங்கள் வந்தன. டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். சுவரைப் பார்த்தபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வலிக்குதாம்மா?"

"இல்லம்மா. நீங்கல்லாம் பாத்துட்டியள்லா, அதான்."

தோள்பட்டை எலும்பை முதுகோடு பிடித்துவைத்திருப்பது சதைதான், அந்தச் சதை எலும்பு ஓரத்திலிருந்து பிய்ந்துவிட்டது, எக்ஸ்ரேயில் அது தெரியாது என்று விளக்கினாள். "ரொம்ப அபூர்வம்" என்றாள். கலர் கேட்டு வருகிறவர்களிடம் நானும் அந்த வார்த்தையைத்தான் சொல்லுவேன். அபூர்வமான கலர்க்கா, விட்டா கிடைக்காது.

மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பெரிய டாக்டர், நாளாகிவிட்டதால் சதை சுருங்கிவிட்டது, இழுத்துத் தைக்கலாம், வலி குறையும் என்றார்.

"சேலை விரிக்க முடியுமா டாக்டர்?"

"உடுத்தவா? அதெல்லாம் உடுத்தலாம்."

"உடுத்த இல்ல டாக்டர். விரிக்க." வராத கைக்குப் பதிலாக இடது கையைத் தலைக்கு மேலே வீசிக் காட்டினேன். நர்ஸம்மா பின்வாங்கிவிட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "தெரியாதும்மா" என்றார். தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான். அதனாலேயே அவரிடம் முதுகைக் கொடுத்தேன்.

மயக்க ஊசிக்கு முன்னால் எத்தனை சாமிக்கு நேர்ந்துகொண்டேன் என்பது எனக்கே நினைவில்லை. கண் விழித்ததும் விரல்களை ஆட்டிப் பார்த்தேன். ஆடின. மாதக்கணக்கில் கையை உடம்போடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவிழ்த்த பிறகு பயிற்சி. சுவரில் விரல்களைப் பல்லிபோல ஏற்ற வேண்டும். எட்டிய இடத்தில் வீட்டுக்காரர் பென்சிலால் கோடு போடுவார். காலண்டர் ஆணியைத் தொட்டுவிட்டால் அதற்கு மேலே எல்லாம் தானாக வந்துவிடும் என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

"ஏட்டி, எக்காத."

"எக்கல."

"குதிங்கால் தரையில இல்ல. எக்கிட்டுத்தான நிக்க? கோடு போடமாட்டேன்."

ஒரு நாள் எக்காமலே ஆணியைத் தொட்டேன். அவர் பால்பாயசம் வாங்கி வந்தார். அதற்குப் பிறகு கோடுகள் ஆணிக்குப் பக்கத்திலேயே நெருக்கி நெருக்கி விழுந்தன. மேலே போகவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு இதுவே நல்ல முன்னேற்றம் என்றார், பாரம் தூக்கக் கூடாது என்றார். வலி போனால் போதும், வேறொன்றும் கேட்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டவள்தான் நான். வலி பெருமளவு போய்விட்டது. இப்போது தலையை நானே பின்னிக்கொள்கிறேன், கொஞ்சம் குனிந்துகொண்டு. கேட்கமாட்டேன் என்று சொன்னதைத்தான் மனசு தினமும் கேட்கிறது.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மாடியிலிருந்து அக்கா கீழே போன் போட்டாள். "மேல ஒரு ஈ காக்கா இல்ல. வா."

படியேறும்போதே புதுப் பட்டின் வாசனை வந்தது. என் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். விரிப்பு மாற்றியிருக்கிறார்கள். அக்கா இருப்பதிலேயே லேசான ஒரு பச்சைப் பட்டை என் கையில் தந்துவிட்டு, எதிரே போய் மணப்பெண்ணின் அம்மாபோலக் கால் நீட்டி உட்கார்ந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"என்ன கலரும்மா இது, வாழயெலைய வெட்டிப் போட்ட மாதிரி? வேற நல்லதா இல்லயா?"

"விரிச்சாத்தான்க்கா தெரியும்" என்றேன். சொல்ல மறந்துபோயிருப்பேன் என்று நினைத்த வார்த்தை, தானாக வந்தது.

மடிப்பை இடது கையில் பிடித்தேன். வலது கையைத் தூக்கினேன். காலண்டர் ஆணி உயரத்துக்கு வந்து நின்றது. அங்கிருந்து வீசினேன். வீச்சு முழங்கையிலிருந்துதான் வந்தது, தோளிலிருந்து வரவில்லை. சேலை சடசடவென்று கொஞ்ச தூரம் ஓடி, எங்கள் இருவருக்கும் நடுவில் குவிந்து விழுந்தது. முந்தி திறக்கவில்லை. மடிப்புக்குள்ளேயே இருந்தது.

நான் அக்காவைப் பார்க்கவில்லை. அவள் கை நீண்டு வந்து பட்டின் ஓரத்தை ஒருமுறை தடவியது. பிறகு அதே கல்யாண வீட்டுக் குரலில் சொன்னாள்:

"கலரு பரவால்லம்மா. முந்தி எப்பிடி இருக்குன்னுதான் தெரியல. நாங்க இன்னொரு நாள் வந்து பாக்கோம்."

"வாங்கக்கா" என்றேன்.

எழுந்து இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்தோம். அவள் தன் கையை என் கை எட்டுகிற உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். முந்தியைப் பிரித்துப் பார்க்காமலே தட்டில் வைத்தோம்.