வரிசை மாறிய சான்றிதழ்கள்

ஆண்டிமடம் கடைத்தெருவில் பதினோரு வருடமாக ஜெராக்ஸ், ஆன்லைன் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்குச் சாதிச் சான்றிதழ் விண்ணப்பித்தவன் நான்தான். யார் எதைக் கேட்டாலும் பட்டென்று பதில் சொல்லிவிடுவேன். தெரியாது என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்களே என்ற பயமும் உண்டு, இந்த முத்துசாமிக்குத் தெரியாததா என்ற திமிரும் உண்டு. இரண்டில் எது அதிகம் என்றால் திமிர்தான். ஹேமலதா விஷயத்தில்தான் எனக்கே அது புரிந்தது.

ஹேமலதா பக்கத்துக் கிராமம். பத்தாம் வகுப்பில் நானூற்றுச் சொச்சம் மதிப்பெண் வாங்கியவள். மேலே படிக்க இரண்டு பஸ் மாற வேண்டும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். பதினெட்டு முடிந்ததும் ராசாங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மகள் அபிநயா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பகலெல்லாம் முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. வரலாறு படித்து முடித்தாள். பிளஸ் டூ இல்லாதவர்களுக்கு அங்கே ஒரு நுழைவுப் படிப்பு உண்டு. அதில் தேறினால் நேராகப் பட்டப்படிப்புதான்.

சாயங்காலத்தில் தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பாள். சுரங்கத்திலிருந்து ராசாங்கம் எடுத்து வந்த, கல்லாகிப்போன கிளிஞ்சல் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து, நம் ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். ஒருநாள் அந்தப் பக்கம் போன நானும் வண்டியை நிறுத்திக் கேட்டேன். உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை ஆக வேண்டும், அது ஒன்றுதான் அவளுடைய ஆசை. அதற்கு பி.எட். படிக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு அதற்காகத்தான் என் கடைக்கு வந்தாள். விண்ணப்பத்தில் பிளஸ் டூ பதிவு எண் கேட்கும் கட்டத்தை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. எங்கள் தொழிலில் படிப்பு, சாதி, வருமானம் எல்லாமே கட்டங்கள்தான். நிரம்பாத கட்டத்தை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது. பிளஸ் டூவையும் எழுதிவிடச் சொன்னேன்.

"பட்டம் வாங்கினப்புறம் பிளஸ் டூ எழுதினா ஒத்துக்குவாங்களாண்ணே?"

நான் சிரித்தேன். "கட்டத்துல நம்பர் இருந்தாப் போதும்மா. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

அவள் நம்பினாள். தனித்தேர்வராக ஒரு வருடம் பிளஸ் ஒன், அடுத்த வருடம் பிளஸ் டூ எழுதித் தேறினாள். அம்மா படித்து முடித்த புத்தகங்கள் ஒரு வகுப்பு பின்னால் வந்த அபிநயாவுக்குப் போயின. போன வருடம் மறுபடி விண்ணப்பித்தோம். எல்லாக் கட்டமும் நிரம்பியது. சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பும் வந்தது. பார்த்தாயா என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

சரிபார்ப்புக்குப் போன அன்று மாலை நேராகக் கடைக்கு வந்தாள். பையிலிருந்த சான்றிதழ்களை என் மேஜையில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தாள். பத்தாம் வகுப்பு, பட்டம், பிளஸ் டூ. அங்கிருந்த அதிகாரி இப்படித்தான் தேதிப்படி அடுக்கினாராம். பத்து, பிறகு பிளஸ் டூ, பிறகு பட்டம் என்று படித்திருக்க வேண்டுமாம். அந்த மனிதரும் சும்மா தள்ளிவிடவில்லை. அரசாணைகளைப் புரட்டியிருக்கிறார், யாரிடமோ போனில் கேட்டிருக்கிறார், தண்ணீர் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார். கடைசியில் முடியாது என்றுதான் சொல்ல முடிந்ததாம்.

"படிக்காததுக்குத் தள்ளியிருந்தா சரின்னு ஏத்துக்கலாம். எல்லாத்தையும் படிச்சுட்டேன். முன்னப்பின்ன படிச்சதுல பிள்ளைங்களுக்கு என்னண்ணே கொறைஞ்சுபோச்சு?"

எனக்கு மண்டை குழம்பிவிட்டது. அடுத்த சில மாதங்கள் தெரிந்தவர்களையெல்லாம் கேட்டேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் கோர்ட்டுக்குப் போனால் கிடைக்கும் என்றார். இன்னொருவர் எம்.ஏ. முடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். எம்.ஏ. சேர்ந்தால் சிக்கல் இன்னும் கூடும் என்றார் மூன்றாமவர். அரசாணை ஒன்றைத் தரவிறக்கிப் படித்தேன். அது வேறொரு அரசாணையைப் பார்க்கச் சொன்னது. அதைத் தேடி எடுத்தால் அது முதல் ஆணைக்கே அனுப்பியது. ஏழு பக்கம் படித்ததில் எனக்கு முதலில் தெரிந்ததும் மறந்துபோனது. நான் குழம்பினால் என் தலைவலியோடு போயிற்று. அவளுக்கு இரண்டு வருடம் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இந்த வருடம் அபிநயாவும் பிளஸ் டூ தேறினாள். போன வாரம் அம்மாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. முதலாமாண்டுக்கு இரண்டு பேருக்கும் விண்ணப்பம் போட வேண்டும் என்றாள் ஹேமலதா. முதலிலிருந்து, வரிசைப்படி.

அபிநயாவின் விண்ணப்பம் பத்து நிமிடத்தில் முடிந்தது. ஹேமலதாவுடையதில் ஏற்கெனவே பட்டம் பெற்றவரா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆம் என்று போட்டால் அதே பட்டம் மறுபடி எதற்கு என்பார்களோ? இல்லை என்று போட்டால், நாளைக்கு இரண்டு பி.ஏ.வையும் வைத்துக்கொண்டு பொய் சொன்னாய் என்பார்களோ? கை ஓடவில்லை.

"இந்தத் தடவையாச்சும் சரியா வருமாண்ணே?"

வரும்மா என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"எனக்குத் தெரியலம்மா."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தீங்கன்னா, நானே போயி விசாரிச்சிருப்பேண்ணே."

அபிநயாவுடையதை மட்டும் அனுப்பச் சொன்னாள். தன்னுடையதை மறுநாள் காலையில் அரியலூர் போய், கல்லூரி ஆபீஸில் நேரில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு போட்டுக்கொள்கிறேன் என்றாள். கடையை மூடிவிட்டு நானும் கூட வரட்டுமா என்று கேட்டேன்.

"வேணாண்ணே. நானே கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சான்றிதழ்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.