அண்ணாந்து குடித்த தண்ணீர்

இன்று டான்போர்த் தெருவிலுள்ள கிரேக்கக் கடையில் நான் அழுததாக, நம் கொன்வென்ற் தோழிகளின் இந்த மின்னஞ்சல் குழுவில், என்னோடு கடைக்கு வந்த றீற்றா எழுதியிருக்கிறாள்.

தவறு. தண்ணீரை அண்ணாந்து குடித்தேன், முகத்தில் ஊற்றுப்பட்டது.

நடந்தது இதுதான். கடைக்காரப் பெண் பாகில் ஊறிய செரிப்பழத்தைக் கரண்டியில் தந்து, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் வைத்தாள். இதை உங்கள் நாட்டிலேயே சாப்பிட்டிருக்கிறேன் என்றேன்.

முன்பொருமுறை லண்டனிலிருந்து ஊர் திரும்பும் வழியில் நானும் என் கணவரும் ஒரு கிரேக்கத் தீவில் இறங்கினோம். மலையோரத்து ஊர். தெருவெல்லாம் படிகள். நாள் முழுவதும் அவசரமில்லாமல் ஏறி இறங்கினோம். ஒரு வீட்டு வாசலில் இதே பழமும் தண்ணீரும் தந்தார்கள். அவர் தம்ளரில் வாய் படாமல் குடித்ததைப் பார்க்க அயலே கூடிவிட்டது.

"இஞ்சாருங்கோ, எல்லாரும் பாக்கினம்."

"பாக்கட்டும். நீரும் இப்பிடிக் குடியும்."

நான் மறுத்துவிட்டு, உதட்டில் வைத்துத்தான் குடித்தேன்.

"எந்த ஊர்?" என்று கடைக்காரி கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. பெயர்களைக் குறித்து வைப்பது அவர்தான், அவர் இருந்த வரை. அந்தக் குறிப்புப் புத்தகம் யாழ்ப்பாணத்து வீட்டோடு போய்விட்டது. தம்ளரைத் தூக்கி அண்ணாந்து குடித்தேன், அவரைப் போலவே.

அன்று அவர் ஒரு படியில் உட்கார்ந்து உங்களில் பலருக்குத் தபாலட்டை எழுதினார். யாரிடமாவது ஒன்று மிஞ்சியிருந்தால் ஊரின் பெயரைப் பாருங்கள்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். என் குரலைத்தான் கவனிப்பீர்கள். எனக்கு எழுதுங்கள்.