என் சைக்கிளைக் கழற்றியவர்

அடிவாரத்திலிருந்து கொல்லிமலை வளைவுகளில் சைக்கிள் மிதித்து ஏறுவதுதான் எனக்கு உயிர். பல வருடங்களாக என் சைக்கிளில் ஒவ்வொரு பாகமாக மாற்றி வந்தேன். முதலில் கியர், பிறகு டிஸ்க் பிரேக், கடைசியாக எடை குறைந்த சக்கரங்கள். எப்போதும் கூட வருபவர் பக்கத்து ஊர் முருகேசண்ணன். அவருடையது பழைய சைக்கிள்; வளைவுகளில் நின்று அவருக்காகக் காத்திருப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு வளைவில் வழுக்கி விழுந்து என் தொடை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது, சுவரோரம் வெறும் ஃபிரேம் மட்டும் சாய்ந்திருந்தது.

"முருகேசுதான் கழட்டிட்டுப் போனான் சாமி. நீ குடுக்கச் சொன்னீன்னு சொன்னானே" என்றார் அம்மா.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. போன் செய்தால் அவர் எடுக்கவில்லை.

நடக்க முடிந்ததும் ஊன்றுகோலோடு பஸ் ஏறி, மலைமேல் சோளக்காடு ஊரில் அவர் வழக்கமாக டீ குடிக்கும் கடைக்குப் போனேன். கடை வாசலில் அவர் சைக்கிள் என் சக்கரங்களோடு நின்றது.

"ஏண்ணா இப்படிப் பண்ணுனீங்க?"

"இனி நீ எங்க கண்ணு ஓட்டப் போற? சும்மா கெடந்தா துருப்பிடிச்சுப் போகுமில்ல?"

"ஓட்டலாம்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க."

அவர் என் ஊன்றுகோலைப் பார்த்துச் சிரித்தார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். பிறகு என் தோளில் கைபோட்டு, "அந்த ஃபிரேமையும் குடுத்துரு கண்ணு, எடத்த அடைச்சுட்டுக் கெடக்குது" என்றார்.

அவர் முகத்தில் குற்ற உணர்வே இல்லை. செத்தவன் சாமானை எடுத்துக்கொண்டவர் போல நிம்மதியாக இருந்தார். நானோ உயிரோடு அவர் எதிரிலேயே நின்றிருந்தேன்.

இப்போது வேறொரு சைக்கிளில் மறுபடி மலையேறுகிறேன். தனியாகத்தான். எந்த வளைவிலும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.