பதினாலு கடை பர்கரும் என் பன்னும்

பன் போட்டு விற்கிறவர்களுக்கு ஒரு அவஸ்தை உண்டு: ஊரே உள்ளே வைத்திருப்பதைப் பற்றிப் பேசும், நாம் மட்டும் வெளியே இருப்பதைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருப்போம். நீங்களும் டிபன் கடையோ தையல் மெஷினோ வைத்துப் பிழைக்கிறவரானால், லைனிங் துணி நன்றாக இருக்கிறது என்று யாரும் பாராட்டுவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் பெயர் எஸ்தர். ஆரணியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் ஓவன் வைத்து, பன்னிரண்டு வருஷமாக பிரெட், பன், ரஸ்க் போடுகிறேன். கூட வேலை செய்பவர் கன்னியம்மா. பாக்கெட் பிரெட் எல்லாப் பெட்டிக்கடைக்கும் வந்த பிறகு என் சரக்கை எடுப்பவர்கள் குறைந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் ஓவனே பற்றவைப்பதில்லை. கன்னியம்மா அந்த நாட்களிலும் வந்து, கழுவிய ட்ரேயையே திரும்பக் கழுவிக்கொண்டிருப்பார். இப்படியே போனால் அவரை நிறுத்த வேண்டிவரும் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

அதே சமயத்தில்தான் ஊரில் தெருவுக்கு ஒரு பர்கர் கடை வந்தது. எல்லோருக்கும் பன் வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியது. நான் இங்கே இருக்கும்போது வேலூர் எதற்கு என்று கிளம்பினேன்.

பட்டுப்புடவையில் விழுந்த சிக்கன்

முதலில் போனது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் விக்னேஷ் கடைக்கு. பெங்களூரில் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு வந்து கடை போட்டவர். நான் ஒரு கல்யாணத்திலிருந்து நேராக, கட்டிய பட்டுப்புடவையோடு, ஒரு டஜன் பன்னை எடுத்துக்கொண்டு போனேன். பட்டு கட்டியிருந்தால் கொஞ்சம் மரியாதையாகப் பேசுவார்கள் என்று ஒரு எண்ணம்.

விக்னேஷ் பன்னை விரலால் அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழுந்தது, மேலே எழும்பவில்லை. அதை வெட்டி, பொரித்த சிக்கனை வைத்து, மயோனைஸ் ஊற்றி, என்னையே சாப்பிடச் சொன்னார். மூன்றாவது கடியில் பன்னின் அடிப்பாகம் சொதசொதவென்று கிழிந்து, சிக்கன் மயோனைஸோடு என் மடியில் விழுந்தது. பட்டு நெய்கிற ஊரில் பட்டின் மேல் எண்ணெய் விழுந்தால் என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து டேபிள்காரர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, ஜரிகையைப் பார்த்து உச்சுக்கொட்டினார். விக்னேஷ் ஓடிப்போய் எங்கிருந்தோ முகப்பவுடர் டப்பா கொண்டுவந்து கறையின் மேல் தூவினார். பிறகு மிச்சம் பதினோரு பன்னையும் என் பையிலேயே அடுக்கிக் கொடுத்துவிட்டு, மனசு நோகாமல் சொன்னார்: "டீக்கு இது சூப்பரா இருக்கும்க்கா. ஆனா என் பர்கர் டீ குடிக்காதே."

தொட்டுக்க ஒன்று

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டு எடுத்தேன். ஊரிலும் அக்கம்பக்கத்திலும் பர்கர் போடுகிற எல்லாக் கடையிலும் சாப்பிட்டுவிடுவது, பன் எங்கே நிற்கிறது, எங்கே கிழிகிறது என்று எழுதுவது. எண்ணிப் பார்த்தால் பதினாலு கடை. என் வீட்டுக்காரர் டேனியல் ஸ்கூல் வாத்தியார். நோட்டில் கோடு போட்டு மார்ஜின் விட்டுக் கொடுத்தார். சாப்பிட மட்டும் வரமாட்டேன் என்றார். வாயை அவ்வளவு அகலமாகத் திறந்து சாப்பிடுவதை பிள்ளைகள் பார்த்தால் வகுப்பில் மரியாதை இருக்காதாம்.

இரண்டாவது கடை ஒரு சைவ ஓட்டல். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் பர்கர் என்று எழுதியிருந்தது. வந்ததைப் பிரித்துப் பார்த்தேன். உருளைக்கிழங்கு போண்டாவைக் கரண்டியால் அமுக்கித் தட்டையாக்கி உள்ளே வைத்திருந்தார்கள். அதன் மேல் வெங்காயம், அதன் மேல் தேங்காய்ச் சட்னி. சட்னி பன்னுக்குள் இறங்கி, கையில் எடுத்தால் வழிந்தது. கடைசியில் ஸ்பூனால்தான் சாப்பிட்டேன். ருசி நன்றாகவே இருந்தது, அதையும் எழுதிக்கொண்டேன். மாஸ்டரைக் கூப்பிட்டு, பர்கரில் சட்னி எதற்கு, அதனால்தானே பன் ஊறிப்போகிறது என்று கேட்டேன். முப்பது வருஷமாக அடுப்படியில் நிற்பவர். என் கேள்வி அவருக்கு விளங்கவே இல்லை. "தொட்டுக்க ஒண்ணுமே இல்லாம மனுசன் எப்படிம்மா சாப்புடுவான்?" என்றார்.

ஆபீசர் எஸ்தர்

ஐந்தாவது கடையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கடையின் பெயர் வேண்டாம். பன்னை மூக்கருகே வைத்து மோந்தேன், பிய்த்தேன், உள்ளே இருக்கும் ஓட்டைகளை வெளிச்சத்தில் பார்த்து எழுதினேன். கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் கையுறை மாட்டிக்கொண்டார். ஒருவர் அவசரமாகத் தரையைத் துடைத்தார். எனக்கு மட்டும் புதுத் தட்டில் இன்னொரு பர்கர் வந்தது, கூடவே கேட்காத ஜூஸ். எதற்கும் காசு வாங்க மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, உணவு ஆபீசிலிருந்து சோதனைக்கு வந்தவள் என்று நினைத்திருக்கிறார்.

நான் பன் போடுகிறவள், ஆபீசர் இல்லை என்று எடுத்துச் சொன்னேன். மனிதர் முகத்தில் நிம்மதியும் கோபமும் ஒன்றாக வந்தன. கையுறையைக் கழற்றி வீசிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் மனைவிதான் சமையலறையிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எண்ணெய மாத்துய்யா, மாத்துய்யான்னு ஒரு மாசமா சொல்லிகினு கீறேன், இன்னிக்குதான் மாத்தினாரு. நீங்க வாரம் ஒருவாட்டி இந்த நோட்ட எடுத்துகினு வாங்கக்கா."

லெந்து நாட்களில் ஒரு சோதனை

ஏழு கடை முடித்தபோது ஈஸ்டருக்கு முன் வரும் லெந்து காலம் ஆரம்பித்துவிட்டது. நாற்பது நாள் எங்கள் வீட்டில் கறி கிடையாது. ஆனால் கடைகள் அதற்காகக் காத்திருக்குமா? நாற்பது நாள் சும்மா இருந்தால் கன்னியம்மா எத்தனை முறைதான் அந்த ட்ரேயைக் கழுவுவார்? எனவே வாங்குவேன், பிரிப்பேன், கறியை அப்படியே தட்டோரம் தள்ளிவிட்டு பன்னை மட்டும் ஆராய்வேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஆராதனைக்குப் போகிற வழியில் எட்டாவது கடை. இரண்டு கையிலும் சிக்கன் பர்கரைத் தூக்கிப் பிடித்து, சாறு எவ்வளவு நேரத்தில் அடியில் இறங்குகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் வாசலில் எங்கள் பாஸ்டர். பக்கத்து மெடிக்கலில் மாத்திரை வாங்க வந்திருக்கிறார். நான் எழுந்து நின்று, சாப்பிடவில்லை ஐயா, பிடித்துக்கொண்டு மட்டும்தான் இருக்கிறேன் என்றேன். கன்னியம்மா விஷயம், பன் விஷயம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் பர்கரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "சும்மா உபவாசம் இருக்கறத விட கையில வச்சிகினு சாப்பிடாம இருக்கறதுதாம்மா பெரிய சோதனை," என்றார். "நான் ஜெபம் பண்றேன், நீங்க ஜல்தியா முடிச்சிட்டு வாங்க."

களம்பூர் தள்ளுவண்டி

பன்னிரண்டாவது ஊருக்குள் இல்லை, களம்பூரில். ரைஸ் மில்லுக்கு எதிரே ஒரு அம்மா தள்ளுவண்டியில் முட்டை பர்கர் போடுகிறார் என்று கேள்விப்பட்டு மதிய வெயிலில் பஸ் ஏறினேன். அங்கே பார்த்ததுதான் ஆச்சரியம். அவர் வைத்திருந்தது சாதாரண டீ பன். என்னுடையதைவிட மட்டம். ஆனால் வெட்டின பக்கம் இரண்டையும் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி, சிவக்கச் சுட்ட பிறகுதான் முட்டையை வைத்தார். உள்பக்கம் முறுகலாகிவிட்டதால் சாறு இறங்கவே இல்லை. பதினோரு கடையில் தெரியாதது ஒரு தோசைக்கல்லில் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் நான்கு பேர், தோளெல்லாம் தவிடாக, நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். நான் ஒவ்வொருவர் கையையும் பார்த்து எழுதினேன், யாருக்குக் கிழிகிறது, யாருக்கு நிற்கிறது என்று. அதில் வயதானவர் என் நோட்டை எட்டிப் பார்த்தார். கோபமில்லை, கேலியும் இல்லை. வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: "காலையில இருந்து எத்தினி மூட்ட தூக்கினேன்னு ஒருத்தரும் எழுதலம்மா. நான் துன்றத போய் எழுதிகினு கீறீங்களே." அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் நான் எதுவும் எழுதவில்லை.

சரோஜா வீட்டு இட்லிப்பானை

பதினாலும் முடிந்தது. இனி போட வேண்டியதுதான் பாக்கி. சர்க்கரையைக் குறைத்தேன், பால் சேர்த்தேன், வெண்ணெய் சேர்த்தேன். ஒரு தடவை கல் மாதிரி வந்தது, ஒரு தடவை பஞ்சு மாதிரி வந்து மறுநாள் உதிர்ந்தது. முட்டை சேர்த்தபோது சரியாக எழும்பியது. ஆனால் முட்டை போட்டால் சைவக் கடைகள் எடுக்காது. மாவு பொங்குகிற நேரம் பார்த்து இரண்டு முறை கரன்ட் போனது. தோற்றதையெல்லாம் எதிர்வீட்டு சரோஜாவுக்குக் கொடுத்துவிடுவேன். அவர்கள் வீட்டில் இரண்டு பவர்லூம் ஓடுகிறது, சாப்பிட ஏழு பேர்.

பதினெட்டாவது தடவை, மேலே வெடித்துப்போன பன்களைத் தட்டில் கொண்டுபோனேன். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை, சரோஜா தறிச் சத்தத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். போதும், விட்டுவிடு என்று சொல்வார் என்று பார்த்தேன். தட்டை வாங்கிக்கொண்டு, "இன்னும் எத்தினி நாளைக்குடி தோக்கப் போற?" என்றார். "சட்டுபுட்டுனு ஜெயிச்சிடு எஸ்தர், எங்கூட்ல இட்லி ஊத்தி ரெண்டு வாரம் ஆவுது."

கன்னியம்மாவின் சப்பாத்தி

மறுநாள் மாவைப் பிசைய மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கன்னியம்மா மத்தியானச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி கொண்டுவந்திருந்தார். காலையில் சுட்டது, அப்போதும் மெத்தென்று இருந்தது. எப்படி என்று கேட்டேன். மாவில் வேகவைத்த உருளைக்கிழங்கை மசித்துப் போடுவேன் என்றார். இத்தனை நாளாக ஏன் சொல்லவில்லை என்று எரிந்து விழுந்தேன். அவர் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே, "நீங்க பர்கரத்தான கேட்டுகினு இருந்தீங்க, சப்பாத்திய எங்க கேட்டீங்க?" என்றார்.

அன்றைக்கே கிழங்கு வேகவைத்தோம். முட்டை இல்லை. பத்தொன்பதாவது தடவை வந்த பன்னைக் கன்னியம்மா விரலால் அழுத்தினார். பள்ளம் விழுந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். மெதுவாக, தூங்கி எழுகிறவர் மாதிரி, அது மேலே வந்தது. கன்னியம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் மறுபடியும் அழுத்தினேன், மறுபடியும் வந்தது.

பாயின் ஒரே பேஜார்

ஊருக்கு வெளியே ஒரு காலேஜில் ரஹ்மத் பாய் புதிதாக கேன்டீன் எடுத்திருந்தார். பர்கரை அவர் சமையலறையில் போட்டால், பிள்ளைகள் அதைப் பொட்டலமாக வகுப்புக்கு எடுத்துப்போய் அரை மணி கழித்துத்தான் தின்பார்கள். அதற்குள் பன் கூழாகிவிடுகிறது என்று தினமும் புகார். நான் எள் தூவிய மூன்று டஜன் பன்னோடு போய், வெட்டின பக்கத்தைக் கல்லில் சுட்ட பிறகுதான் கட்லெட்டை வைக்க வேண்டும் என்று அடுப்படியிலேயே நின்றேன். என் அடுப்படியில் எனக்கே சட்டமா என்று பாய் முணுமுணுத்தார். நான் நகரவில்லை. போட்டதில் ஆறைப் பேப்பரில் சுற்றி மேஜைமேல் வைத்தோம். அரை மணி நேரம் அவர் கணக்கு வழக்கு இல்லாமல் ஊர்க்கதை பேசினார், எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

பிரித்தோம். அடிப்பாகம் காய்ந்திருந்தது, கையில் எடுத்தால் நின்றது. பாய் ஒன்றைக் கடித்தார், மென்றார், இன்னொரு கடி கடித்தார். முழுசையும் முடித்துவிட்டு, திங்கள் முதல் சனி வரை தினமும் பன் வேண்டும், காலை பத்து மணிக்குள் வந்துவிட வேண்டும் என்றார். ஓவன் வாரத்தில் ஆறு நாளும் எரியும் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், கன்னியம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றும். ஆனால் பாய் முகம் சந்தோஷமாக இல்லை. என்ன குறை என்று பயந்துகொண்டே கேட்டேன். கையில் ஒட்டியிருந்த எள்ளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "பன்னுல குறையே இல்லம்மா. ஒரே பேஜார் என்னன்னா, இப்ப என் கட்லெட் மட்டமா தெரியுது."

பதினாலு கடை பர்கர் தின்று எனக்குக் கிடைத்தது ஒரு கேன்டீன் ஆர்டரும், முன்பைவிட ஒரு சைஸ் பெரிய ரவிக்கையும்தான். இரண்டையும் நான் விடுவதாக இல்லை.