தட்டாத கை

பெரியவளிடம் ஒரு பழக்கம் உண்டு. எதைப் பிடித்தாலும், எதிரில் இருப்பவர் சொல்வதற்கு முன்பே விட்டுவிடுவாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இரண்டு பேராகப் படுக்கை விரிப்பு மடிக்கும்போது, எதிர்முனையில் நிற்பவள் மூச்சைக் கொஞ்சம் இழுத்தாலே போதும், இவள் கை தளர்ந்துவிடும். விரிப்பு தரையில் விழும். மறுபடி துவைக்கப் போகும்.

"உன் கையில பிள்ளையக் குடுத்தா அவ்வளவுதான்," என்பாள் கூட வேலை செய்பவள்.

"குடுக்காத. நான் கேட்டேனா?" என்பாள் இவள், குனிந்து விரிப்பை எடுத்துக்கொண்டே.

இது சலவைக்கூடத்தில் வந்த பழக்கமில்லை. தங்கையோடு வருடக்கணக்கில் ஜூடோ மெத்தையில் புரண்டதில் வந்தது.

சின்னவளுக்கு எட்டோ ஒன்பதோ வயதிருக்கும். பயிற்சியில் பெரியவள் அவள் கையை நீட்டிப் பிடித்து நெம்பியதில் முழங்கை வீங்கிவிட்டது. ஜூடோவில் வலி தாங்க முடியாவிட்டால் மெத்தையிலோ எதிராளி மேலோ படபடவென்று தட்ட வேண்டும். தட்டியவர் தோற்றவர், ஆனால் பிடித்தவர் உடனே விட்டுவிடுவார். சின்னவள் தட்டாமல் அழுதாள். வீட்டில் அம்மா பெரியவளை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. "அவ சொல்ற வரைக்கும் காத்திருப்பியா? கூடப் பிறந்தவ, உனக்குத் தெரியாதா?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து தங்கையின் மூச்சு ஒரு இழை மாறினாலே பெரியவள் பிடியை விட்டுவிடுவாள்.

"அவ தட்டினாளா?" என்று ஜூடோ சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் ஒருநாள் கேட்டார்.

"தட்டிட்டா மாஸ்டர். மெதுவா தட்டினா."

மாஸ்டருக்கு ஒரு காது மந்தம். நம்பிவிட்டார்.

சின்னவளின் எடைக்கு அந்தப் பயிற்சிக்கூடத்தில் பெரியவளைத் தவிர வேறு பெண் கிடையாது. வெளிப்போட்டிகளிலும் அவளைத் தரையில் வைத்து மடக்கும் அளவுக்கு யாரும் தாக்குப்பிடித்ததில்லை. நின்ற வாக்கிலேயே தூக்கிப் போட்டுவிடுவாள். உலக நாடுகளெல்லாம் கூடும் அந்தப் பெரிய விளையாட்டுப் போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தபோது டிவிக்காரர்கள் வீட்டுக்கே வந்தார்கள். "இதுவரைக்கும் நான் ஒரு தடவைகூடத் தட்டினதில்ல," என்றாள் சின்னவள், சிரித்தபடி. கதவோரம் தண்ணீர்த் தட்டோடு நின்ற பெரியவள் உள்ளே வராமல் அப்படியே திரும்பிப் போனாள். அது வீரமில்லை என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

போட்டிக்குப் பெரியவளும் போனாள். தங்கையோடு பயிற்சிக்கு மோத ஒரு ஆள் வேண்டுமே. போட்டியன்று காலை, போட்டி அரங்கத்துக்குப் பின்னால் இருந்த பயிற்சி அறையில், ஒரு முடிவோடு மெத்தையில் இறங்கினாள். இன்றைக்குத் தட்டும் வரை விடுவதில்லை.

சின்னவளின் வலது கையைத் தன் தொடைகளுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்து, இடுப்பை உயர்த்தினாள். மூச்சு மாறியது. விடவில்லை. சின்னவள் தலையைத் திருப்பி அவளையே பார்த்தாள். வலிக்கிற பார்வைகூட இல்லை அது. பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று பார்க்கிற மாதிரி இருந்தது. முழங்கையில் ஏதோ இழுபடுவது தொடையில் தெரிந்ததும் பெரியவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"ஏண்டி தட்டல?"

"நீதான் விட்டுருவியே. என்னக்கா ஆச்சு உனக்கு இன்னைக்கு? கையப் பிச்சிருப்ப."

"வெளிய இருக்கிறவ விடமாட்டாடி. நான் சொல்றதக் கேளு. வலிச்சா தட்டிரு."

"போட்டி அன்னைக்குப் பேசுற பேச்சா இது?" சின்னவள் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்டினாள். "முதல்ல அவ என்னைக் கீழ தள்ளட்டும், பாக்கலாம்."

முதல் இரண்டு ஆட்டங்களில் யாரும் தள்ளவில்லை. மூன்றாவதாக வந்தவள் ஒல்லியான, சத்தமே போடாத பெண். சின்னவள் தூக்க முயன்று கால் இடறினாள். அவ்வளவுதான். அந்தப் பெண் பாம்பு மாதிரி சுற்றி, கையை நீட்டிப் பிடித்துவிட்டாள்.

ஆட்டம் ஓடும்போது பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. மாஸ்டர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து பெரியவளுக்குத் தங்கையின் முகம் தெரிந்தது. அதே பார்வை. சின்னவள் காத்திருந்தாள்.

பெரியவள் எழுந்து முன்னாலிருந்த இரும்புக் கம்பியில் உள்ளங்கையால் தட்டினாள். படபடவென்று, மூச்சு விடாமல் தட்டினாள். பக்கத்தில் இருந்தவர்கள் உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டு தாங்களும் சேர்ந்து கை தட்டினார்கள். அந்த வரிசை முழுக்கத் தட்டியது.

நடுவர் நிறுத்தச் சொல்லிக் குனிவதற்குள் முழங்கை போய்விட்டது. முதலில் அழுதது ஜெயித்த பெண்தான்.

மருத்துவமனைக் கட்டிலில் சின்னவள் கண்ணை மூடியே இருந்தாள். "இதோ விட்டுருவா, இதோ விட்டுருவான்னே நெனச்சேன்க்கா," என்றாள். வெளியே மாஸ்டர் செய்தியாளர்களிடம், "எலும்பே உடைஞ்சாலும் தட்ட மாட்டேன்னு நின்னா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் குரல் உள்ளே நன்றாகக் கேட்டது. இருவரும் மறுக்கவில்லை.

நான்கு அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகும் அந்தக் கை பாதிக்கு மேல் மடங்கவில்லை. சின்னவளால் தன் தலையைத் தானே வாரிப் பின்னிக்கொள்ள முடியாது. வேலைக்குப் போகும் முன் பெரியவள் வாரிவிடுகிறாள். மாதம் ஒருமுறையாவது ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னவளைக் கூப்பிட்டு மாலை போடுகிறார்கள். எந்த வலி வந்தாலும் தோல்வியை ஒத்துக்கொள்ளாதீர்கள் என்று அவள் பேசுகிறாள், பிள்ளைகள் கை தட்டுகிறார்கள். பெரியவள் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நடந்தது என்னவென்று இரண்டு பேரும் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.