படகுகளைக் கரையேற்றும் மாதம் எது?

பரீட்சைப் பொறுப்பாசிரியர் என்பவர், தான் எழுதாத பரீட்சைக்காகத் தூக்கம் கெடுகிறவர். உங்களில் யாராவது அந்தப் பொறுப்பைச் சுமந்திருந்தால், என்னைப் போலவே கனவில் மணி அடித்திருப்பீர்கள். வினாத்தாள் உறையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே தாள் இருக்காது, கடல் இருக்கும்.

எழுபதுகளில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டி இருந்தது. சல்லி, உப்புவெளி என்ற ஊர்களிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். துறைமுகத்துக்குள் போக முறை பார்த்து நிற்கும் கப்பல்கள், காலைப் பனிப்புகாரில் தண்ணீரைத் தொடாமல் மிதப்பதுபோல வகுப்பு ஜன்னலில் தெரியும். அந்த ஜன்னலோடு போட்டி போட்டுத்தான் நான் படிப்பித்தேன். பெரும்பாலும் ஜன்னலே வென்றது.

தடிப்பான சுற்றறிக்கை

எங்கள் அதிபர் சுற்றறிக்கைகளை வாசிப்பதில்லை. விரலால் தடவிப் பார்ப்பார். மெல்லியதாக இருந்தால் கோப்பில் போடுவார், தடிப்பாக இருந்தால் என்னிடம் தருவார். அன்று வந்தது மிகத் தடிப்பு. பழைய பரீட்சை போய்விட்டது, புதியது வருகிறது என்று அதில் இருந்தது. இனிமேல் எல்லாரும் எல்லாப் பாடமும் எடுக்க வேண்டும். கணிதத்தை விட்டுவிட்டுத் தையலை எடுத்துத் தப்பிக்க முடியாது. அதோடு, அந்தந்த ஊரின் தொழில் ஒன்றையும் ஒரு பாடமாகப் படிக்க வேண்டும். எங்கள் ஊரின் தொழிலைத் தேர்ந்தெடுக்க அதிபர் ஜன்னலை ஒருமுறை பார்த்தார். "மீன்பிடி எண்டு எழுதும்" என்றார்.

வலை இழுத்து முடிந்த ஒரு பின்னேரத்தில் பெற்றோரைக் கூட்டி எல்லாவற்றையும் விளக்கினேன். மூன்று உபதலைப்புகளும் ஒரு முடிவுரையும் வைத்திருந்தேன். இரண்டாம் உபதலைப்பில் பாதிப்பேர் கண்ணை மூடிவிட்டார்கள். விடிய நாலு மணிக்கு எழும்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. விழித்திருந்தவர் வேலுப்பிள்ளைச் சம்மாட்டியார். கரைவலை ஒன்றுக்குச் சொந்தக்காரர். அவருடைய மகள் புவனா என் வகுப்பில் தையலில் கெட்டிக்காரி, கணக்கில் அதற்கு நேர்மாறு. ஆஸ்பத்திரியில் தாதியாக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு முதலில் இந்தப் பரீட்சையில் தேறி, நகரத்திலிருந்த ரவுண் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புக்குப் போக வேண்டும். சம்மாட்டியார் எழும்பி ஏதோ கேட்க வாயெடுத்தார். அவருடைய மனைவி பாக்கியம் முந்திக்கொண்டார்: "பாஸ் பண்ணினால் படிக்கட்டும் சேர். இல்லாட்டி கருவாட்டுப் பரணில என்ட பக்கத்தில ஒராளுக்கு இடம் கிடக்கு."

நாலு விடைக்கும் பங்கு

புதிய பரீட்சையோடு புதுவிதமான வினாவும் வந்தது. வினாவுக்குக் கீழே நாலு விடை இருக்கும். சரியானதற்குக் கீறு போட வேண்டும். எழுத்து வேலை இல்லை என்பதால் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. முதல் பயிற்சித் தாளைத் திருத்த உட்கார்ந்தபோது எனக்குத் தலை சுற்றியது. வகுப்பில் பாதிப்பேருடைய தாளில் ஒன்றாம் விடை பத்து, இரண்டாம் விடை பத்து, மூன்றும் பத்து, நாலும் பத்து. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்கள் என்றும் சொல்ல முடியாது. பத்துப் பத்தும் விழுந்த இடங்கள் ஆளுக்கு ஆள் வேறு.

கரைவலை இழுத்த இடத்தில் மீன் பங்கிடுவதை நீங்கள் பார்த்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்க இரண்டு நாள் எடுத்தது. வலைக்கு ஒரு பங்கு, தோணிக்கு ஒரு பங்கு, கயிறு பிடித்தவர்களுக்கு ஒரு பங்கு. ஒருவரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகக்கூடாது. தெரிந்த வினாக்களுக்குக் கீறிய பிறகு, தெரியாதவற்றைப் பிள்ளைகள் அந்த முறையில் பங்கிட்டிருக்கிறார்கள். சரியான விடைகள் அப்படி ஒழுங்காகப் பங்கிடப்படுவதில்லை என்று ஒரு பாடவேளை முழுவதும் விளக்கினேன். புவனா தன் தாளைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "சேர், நாலாம் விடைக்கு ஒண்டும் விழாமல் கிடந்துது. பார்க்கப் பாவமா இருந்துது."

நங்கூரக் கணக்கு

கணக்குக்கு எங்களிடம் நசீர் மாஸ்டர் இருந்தார். கிண்ணியாக்காரர். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவையை எங்கள் பகுதியில் 'பாதை' என்போம். தினமும் அந்தப் பாதையில் ஏறிக் கடந்து, பிறகு பஸ் பிடித்து வருவார். பாதையில் நின்றபடி தூங்கும் வித்தை அவருக்குத் தெரியும். தூக்கத்திலேயே அன்றைய பாடத்தை யோசித்து முடித்துவிடுவதாகச் சொல்வார். அவருடைய பாடங்களில் ஒரு மெல்லிய ஆட்டம் இருந்ததால் நானும் நம்பினேன்.

தையல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னேரங்களில் அவர் கணக்குப் படிப்பித்தார். பூச்சியத்துக்குக் கீழே எண்கள் இருக்கின்றன என்பதை அவர்கள் ஏற்க மறுத்தார்கள். இல்லாததை விடக் குறைவாக என்ன இருக்க முடியும் என்பது அவர்களுடைய வாதம். தத்துவரீதியில் அது மோசமான வாதமும் அல்ல. நசீர் மாஸ்டர் ஒரு மணித்தியாலம் முயன்றார். அன்று காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்தது, கரும்பலகை வெண்கட்டித் தூள்கூட விழ மறந்து வெயிலில் நின்றது. அவர் ஜன்னலுக்கு வெளியே நின்ற கப்பலைக் காட்டினார். தண்ணீர் மட்டம் பூச்சியம், அளவு பாகம், அதாவது இரண்டு கையை விரித்த நீளம் என்றார். கொடிமரம் எத்தனை பாகம் மேலே? நங்கூரம் எத்தனை பாகம் கீழே? நங்கூரத்தை நாலு பாகம் இழுத்தால் எங்கே நிற்கும்? பிள்ளைகள் ஒரே குரலில் சரியான விடை சொன்னார்கள். புவனா மட்டும் கப்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப மாஸ்டர், மைனஸ் எண்டால் இல்லாமல் போனது இல்லை. கீழ கிடக்குது, அவ்வளவுதான்."

ஆனி மாதத்து விருந்தாளி

நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு புவனா கணக்கில் ஏதோ ஓரளவுக்கு மிதந்தாள். கணக்கில் விட்டதை மீன்பிடிப் பாடத்தில் பிடித்துவிடலாம் என்று நான் கணித்திருந்தேன். அந்தப் பாடத்தில் அவளுக்குப் படிப்பிக்க எனக்குத்தான் தகுதி போதாது. அப்போது ஒரு மாதிரி வினாத்தாள் வந்தது. அதில் ஒரு வினா: கடல் கொந்தளிப்பதால் மீனவர் தம் படகுகளைக் கரையேற்றி வைக்கும் மாதம் எது? டிசெம்பர், பெப்ரவரி, மார்ச், யூன். வகுப்பு முழுவதும் டிசெம்பருக்குக் கீறியது. கூடவே வந்த விடைப்பட்டியல் யூன் என்றது.

எங்கள் கரையில் ஆனி மாதக் கடலில் குழந்தையைக் குளிப்பாட்டலாம். மார்கழியில்தான் அது தென்னை மரத்தின் அடிவரை வந்து திட்டும். இதை ஐந்து குறிப்புகளோடும் ஒரு வரைபடத்தோடும் விளக்கி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். நல்ல கடிதம். பதில் வரவில்லை. ஆகவே பிள்ளைகளிடம், பரீட்சையில் யூனுக்கே கீறுங்கள் என்றேன். அடுத்த நாள் காலை சம்மாட்டியார் பள்ளிக்கூட வாசலில் நின்றார். இடுப்பில் கட்டிய சரத்தில் ஈரம் காயவில்லை.

"சேர், ஆனியில கடல் பொல்லாதெண்டு என்ட பிள்ளையை எழுதச் சொன்னனீங்களாம்?"

"ஓம்."

"நான் மூண்டு தலைமுறைச் சம்மாட்டி. ஊர் சிரிக்காதோ?"

"சிரிக்கும். ஆனா பிள்ளை பாஸ் பண்ணும்."

அவர் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அது ஆனி மாதம். மணலில் செபஸ்தியான் என்பவர் வாடி அடித்திருந்தார். மேற்குக் கரை மீனவர். ஒவ்வொரு வருடமும் வைகாசியில் படகை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஓலைக் கொட்டில் போட்டுத் தங்கி, புரட்டாசியில் திரும்புவார். சம்மாட்டியாரும் அவரும் இருபது வருடமாக ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் நெருங்கிய நண்பர்கள். வழக்கை அவரிடம் வைத்தோம். செபஸ்தியான் அடுப்புத் தணலில் மீனைத் திருப்பிப் போட்டபடி கேட்டார். புகைக்குப் பின்னால் கடல் அசையாமல் பளபளத்தது. பிறகு சிரித்தார்: "ஆனியில எங்க கடல் ஒழுங்கா இருந்தா, நான் ஏன் சம்மாட்டி வருஷா வருஷம் இங்க வந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு இருக்கேன்?"

வினா எழுதியவர் பார்த்ததும் மேற்குக் கரைக் கடல்தான் என்று சம்மாட்டியாருக்கு விளங்கியது. திரும்பி நடக்கும்போது சொன்னார்: "சரி சேர், எழுதட்டும். செபஸ்தியானுக்காக எழுதினதெண்டு நினைக்கிறன்."

கடல் சொன்ன விடை

பரீட்சை டிசெம்பரில் நடந்தது. எங்கள் பள்ளிக்கூடமே நிலையம். மேற்பார்வையாளர் மலைநாட்டிலிருந்து அந்த வருடம்தான் மாற்றலாகி வந்தவர். கடலை இதற்கு முன் நாட்காட்டியில் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். வாடைக்காற்று மூன்று நாளாக ஓயவில்லை. பகல் பத்து மணிக்கே பின்னேரம்போல இருட்டியிருந்தது. எல்லாத் தோணியும் கரையேற்றப்பட்டு மதிலோரம் கவிழ்ந்து கிடந்தது. சொந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் மண்டபத்துக்குள் போகக்கூடாது என்பதால், நான் எதிரில் இருந்த பூவரச மரத்தின் கீழ் குடையோடு நின்றேன். ஒரு கட்டத்தில் மேற்பார்வையாளர் வெளியே வந்து, மிக மரியாதையாகக் கேட்டார்: "மாஸ்டர், இந்தச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் நிப்பாட்ட ஒரு வழியும் இல்லையோ?"

அன்று மீன்பிடித் தாள். பரீட்சை மண்டபத்தில் ஒருவரும் ஒருவருக்கும் விடை சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது விதி. அன்று கடல் அந்த விதியை ஒவ்வொரு அலையிலும் மீறியது. மூடிய ஜன்னல்களில் மோதி, டிசெம்பர், டிசெம்பர் என்று கத்தியது. மழையின் ஊடாகப் பார்த்தபோது மண்டபமே கட்டவிழ்ந்து மிதப்பதுபோலவும், பிள்ளைகள் குனிந்து துடுப்புப் போடுவதுபோலவும் எனக்குத் தோன்றியது. மணி அடித்ததும் புவனாவின் வினாத்தாளைத்தான் முதலில் வாங்கிப் பார்த்தேன். இருபத்து மூன்றாம் வினா, சொல்லுக்குச் சொல் அதே வினா. கீறிய விடைத்தாளை மேற்பார்வையாளர் எடுத்துவிட்டதால், எதற்குக் கீறினாய் என்று கேட்டேன். அவள் சட்டையின் நுனியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "கடல் கத்திக்கொண்டே இருந்துது சேர். நான் செபஸ்தியான் மாமாவை நினைச்சுக்கொண்டு யூனுக்குப் போட்டிட்டன்."

இல்லாத பரீட்சையின் சான்றிதழ்

புவனா தேறினாள். கணக்கில் மயிரிழையில், மீன்பிடியில் மிகத் திறமையாக. பாக்கியம் கருவாட்டுப் பரணில் அந்த இடத்தை ஒரு பழைய சாக்கைப் போட்டு நிரப்பினார். புவனா பஸ்ஸில் ரவுண் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தாள். நான் புதிய பரீட்சைக்கு ஒருவழியாகப் பழகி, குறிப்புப் புத்தகங்களை ஒழுங்குபடுத்தி, அலுமாரிக்கு ஒரு பூட்டும் வாங்கிய வாரத்தில் அதிபர் இன்னொரு தடிப்பான உறையைத் தந்தார். புதிய பரீட்சை போகிறது, பழையது வருகிறது. கொஞ்ச நாளில் சம்மாட்டியார் வந்துவிட்டார். இந்த முறை சட்டை போட்டிருந்தார். "சேர், அந்தச் சோதினையை எடுத்துப் போட்டாங்களாம். அப்ப என்ட பிள்ளை பாஸ் பண்ணினது செல்லுமோ?"

செல்லும் என்றேன். உள்ளூர எனக்கே பயம். புவனாவுக்குத் தாதியர் பயிற்சி நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது, அந்தப் பரீட்சை எது, எதற்குச் சமம் என்று விளக்கி மூன்று பக்கக் கடிதம் எழுதிச் சான்றிதழோடு சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்களாம். என் கடிதத்தை ஒருவரும் திறக்கவில்லை. நடுவில் இருந்தவர் அவளுடைய விலாசத்தைப் பார்த்து முகம் மலர்ந்து, விடுமுறைக்குக் குடும்பத்தோடு அந்தப் பக்கம் வர யோசிக்கிறேன், கடல் எந்த மாதம் அமைதியாக இருக்கும் என்று கேட்டிருக்கிறார். அவள் திகைத்துப் போனாள். அவளுடைய வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வினாவுக்காகவே அவளைத் தயார்படுத்தியிருந்தேன் அல்லவா? மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிகுந்த பணிவோடு கேட்டாளாம்: "சோதினைக்குச் சொல்லவோ, குளிக்கிறதுக்குச் சொல்லவோ, சேர்?"

மூன்று பேரும் சிரித்து முடிந்ததும் அவளை எடுத்துக்கொண்டார்கள். நான் இத்தனை வருடம் படிப்பித்ததில் பழைய பரீட்சைக்கும் புதிய பரீட்சைக்கும் உதவக்கூடியது அவள் கேட்ட அந்தக் கேள்வி ஒன்றுதான், அதையும் நான் படிப்பிக்கவில்லை.